குற்றப் புதினத்தில் காமமும் கதையும்

குற்றமும் மருமமும் பொருளாக எழுந்த புதினங்களை ஆராயப் புகுவோர் பலரும் அவற்றுள் வரும் காமப் பகுதிகளைப் பற்றிக் கேட்கும் வினா ஒன்றே. 'எவ்வளவு?' என்பதே அது. பக்கங்களை எண்ணி, இத்துணைக்கு மேற்படின் நூல் இழிந்தது என்றும், இத்துணைக்குள் அடங்கின் பொறுக்கத்தக்கது என்றும் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். சமையலுக்கு உப்பு எப்படியோ அப்படியே கதைக்குக் காமம். அளவறிந்து இடவேண்டும் என்னும் எண்ணமே இத்தீர்ப்புக்கு அடிப்படை. இவ்வுவமை ஆராய்வோரை வழி தவறச் செய்வது என்பது நம் கருத்து. இடுவோன் கையில் உப்பு வேறு, உணவு வேறு. கதையில் காமம் அவ்வாறு வேறாக நிற்குமாயின், அஃது ஒரு பத்தியே ஆயினும் மிகைதான். வேறாக நில்லாதாயின், எத்துணைப் பத்திகள் வரினும் மிகையன்று. ஆகவே நாம் கேட்கத்தக்க வினா, 'இதனை எடுத்துவிட்டால் கதை நிற்குமா?' என்பதே.

இவ்வினாவை ஒரு நூலின்மேல் வைத்துப் பார்ப்போம். அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் எம். கேயின் எழுதி 1934இல் வெளிவந்த 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' என்னும் புதினம் அது. அஞ்சற்காரன் எப்போதும் இருமுறை மணி அடிப்பான் என்பது தலைப்பின் பொருள். (நூலில் அஞ்சற்காரன் ஒருவனும் இல்லை, அவனைத் தேடிக் களைத்தவர் பலர்.) காமமும் வன்முறையும் கலந்து வருதல் பற்றி இந்நூல் பாஸ்டன் நகரில் தடை செய்யப்பட்டது. தடையைக் கேள்வியுற்று நூலை எடுப்போர் ஏமாற்றமே அடைவர். ஏனெனில், மிகச் சிறிய இந்நூலிலுள்ள காமப் பகுதிகள் அனைத்தையும் ஒருங்கு திரட்டினும் சில பக்கங்களுக்கு மேற்படா. அளவைக் கொண்டு நோக்குவோர் கருத்துப்படி இது தடைக்கு உரியதே அன்று. எனினும் படித்து முடித்தவர்க்கு நூல் முழுவதும் காமமாகவே தோன்றும். இம்முரண்பாடே நம் ஆராய்ச்சிக்கு வாயில்.

கதை எளியது. கலிபோர்னியா மாநிலத்து நெடுஞ்சாலை ஓரத்தில் உணவுக்கடை நடத்துபவன் நிக் பாப்பதாக்கிஸ் என்னும் கிரேக்கன். ஊர் சுற்றியாகிய பிராங்க் சேம்பர்ஸ் அக்கடையில் வேலைக்கு அமர்கிறான். நிக்கின் மனைவி கோராவும் அவனும் கூடிக் கணவனைக் கொல்லத் துணிகின்றனர். முதன்முறை தவறுகின்றனர், மறுமுறை கொல்கின்றனர், சட்டத்திற்குத் தப்புகின்றனர், தப்பிய பின்னர் ஒருவரை ஒருவர் ஐயுறுகின்றனர். கதை முழுதும் பிராங்க்கின் கூற்றாகவே அமைந்துள்ளது.

முதற்கூட்டம் இரண்டாம் அதிகாரத்து இறுதியில் நிகழ்கிறது. கணவன் வெளியே சென்ற வேளையில் அவன் அவளை அணைக்கிறான், தன்னைக் கடிக்குமாறு அவள் கூற, அவன் உதட்டைக் கடிக்கிறான், குருதி பெருகுகிறது, அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குச் செல்கிறான். அவ்வளவில் அதிகாரம் முடிந்துவிடுகிறது. மாடியில் நிகழ்ந்ததை ஆசிரியர் கூறவில்லை. கூறியது குருதி ஒன்றையே. பின்னர் வரப்போகும் கொலையின் குருதி, எவரும் கொலையை நினையாதபோதே, அவ்விருவர்க்கும் நடுவே சிந்திவிடுகிறது. வேறொருவர் கையில் இப்பகுதி இன்பச்சுவை மிகுந்த வருணனையாய் நின்றிருக்கும். கேயின் கையிலோ அது கதையின் முதல் நிகழ்ச்சி ஆகிறது.

இனி நூலின் நடுவே உள்ள பகுதிக்கு வருவோம். நம் கருத்துக்கு உயிர்நிலை அதுவே. மலைப்பாதையில் நிறுத்திய ஊர்தியில் இருந்துகொண்டு நிக் உரத்துப் பாடித் தன் குரலின் எதிரொலியைக் கேட்டு மகிழ்கிறான். பின்னிருந்து பிராங்க் அவன் தலையில் அடிக்கிறான். இறந்தவனுடைய பாட்டின் எதிரொலி, அவன் இறந்த பின்னரே மலையினின்று திரும்பி வருகிறது. அடுத்துச் செய்யவேண்டியது, இது விபத்து என்று பிறர் நம்பச் செய்வது. அதற்குக் கோராவின் ஆடை கிழிந்திருக்கவேண்டும். அவள் உடம்பில் அடிபட்ட அடையாளம் இருக்கவேண்டும். பிராங்க் அவள் ஆடையைக் கிழிக்கிறான். முகத்தில் ஓங்கிக் குத்துகிறான். பொய்ச்சான்று படைக்கும் அச்செயலே அவ்விருவர்க்கும் வேட்கையை மூட்டிவிடுகிறது. பிணம் ஊர்தியிற் கிடக்க, அங்கேயே கூடுகின்றனர்.

இதனைப் படித்து அருவருப்பு அடையாதார் இலர். அடையவேண்டும் என்றே ஆசிரியர் எழுதியுள்ளார். ஆயினும் அமைப்பை நோக்குவோம். ஆடை கிழிபடுதல் கொலைத்திட்டத்தின் ஓர் உறுப்பு. அதுவே காமத்தின் தொடக்கமும் ஆகும். ஒரே செயல் இரண்டிடத்தும் பணி செய்கிறது. காமத்தை நீக்குவோம் என்று இப்பகுதியை எடுத்தால் சான்று போய்விடும். சான்று போயின் விபத்துக் கதை போய்விடும். அது போயின் பின்வரும் வழக்கும், அரசு வழக்கறிஞன் விரிக்கும் வலையும், அவ்வலையில் வீழ்ந்து காதலர் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தலும் நிற்க இடமின்றி விழும். கதை வேண்டும், காமம் வேண்டா என்பார்க்கு இந்நூலில் வெட்டுவதற்கு இடமே இல்லை. இரண்டும் ஒரே நூலால் நெய்யப்பட்டவை.

இஃது எதிர்பாராமல் அமைந்த சிறப்பன்று. கேயின் இந்நூலைத் திரைக்கதை எழுத்தாளரான வின்சென்ட் லாரன்ஸ் என்பவர்க்கு உரிமையாக்கியுள்ளார். இருவர் காதலைக் காண்போர் நெஞ்சில் பதியவைக்க ஒரு தனி நிகழ்ச்சி அமைப்பு வேண்டும் என்பது லாரன்ஸின் கொள்கை. அதனை அவர் 'லவ் ராக்' என்று வழங்கினார். கேயின் பிற்காலத்தில் எழுதிய முன்னுரை ஒன்றில் இக்கொள்கையை நினைவுகூர்ந்து, காதலுக்கென ஒரு நிகழ்ச்சியை ஒதுக்குவானேன், கதை முழுவதுமே அவ்வமைப்பாக இருத்தலாகாதோ, கொலையே காதலர் ஏறி நிற்கும் அமைப்பாக இருத்தலாகாதோ என்று தாம் எண்ணிய வகையை விளக்குகிறார். காமமும் கதையும் எவ்விகிதத்தில் அமைதல் வேண்டும் என்று கேட்பார்க்கு அவர் எண்ணத்தில் விடையே இல்லை. இரண்டு பொருள் இருந்தாலன்றோ விகிதம் பிறக்கும்?

ஈண்டு நம் அகப்பொருள் மரபு நினைவுக்கு வருதல் இயல்பு. களவு என்னும் சொல்லைத் தீமையினின்று பிரித்துக் காட்ட இறையனார் அகப்பொருள் உரைகாரர் பெரிதும் முயல்வர். நஞ்சுண்டு இறக்கத் துணிந்தாள் ஒருத்தியின் நஞ்சினை, அவள் அறியாவண்ணம் கொண்டுபோய்க் கொட்டிய அருளுடையான் ஒருவனை எடுத்துக்காட்டி, களவெல்லாம் தீதன்று என நிறுவுவர். அவர் பிரித்த இருபொருளையும் கேயின் மீண்டும் ஒன்றாகப் பிணைக்கிறார். அவர் காட்டும் களவிற் பிறன் மனைவியைக் கொள்ளுதலும், பிறன் உயிரைக் கொள்ளுதலும், பிறன் கடையைக் கொள்ளுதலும் ஒன்றே. இதனால் இந்நூலை அகத்திணையோடு ஒப்பிட்டு உயர்வு தாழ்வு கூறுகின்றோம் அல்லோம். மறைவு என்பது காமத்திற்கும் குற்றத்திற்கும் பொதுவான நிலம் என்பதையும், மருமப் புதினத்திற் காமம் எளிதில் வேரூன்றும் காரணம் அதுவே என்பதையும் சுட்டினோம்.

வேர் கொள்ளாதவாறும் காட்டவேண்டும். மிக்கி ஸ்பிலேனின் 'ஐ, தி ஜூரி' 1947இல் வந்தது. அதன் இறுதியில், துப்பறிவோன் மைக் ஹாமர் கொலையாளியாகிய பெண்ணின் எதிரே நின்று, அவள் செய்த குற்றங்களை ஒவ்வொன்றாக விளக்குகிறான். ஒரு விளக்கத்திற்கும் அடுத்த விளக்கத்திற்கும் இடையே அவள் தன் ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைகிறாள். மேலோட்டமாக நோக்கின் இதுவும் பின்னலே போலத் தோன்றும். ஆனால் ஆடை களைதலை முற்றும் நீக்கிவிட்டு விளக்கங்களை மட்டும் படித்தால் அவை குறைவின்றி நிற்கின்றன. அவளுடைய கை ஒளித்துவைத்த துப்பாக்கியை நாடியது என்பதை இறுதியில் சேர்த்து, மயக்கமே ஆயுதம் என்று ஆசிரியர் காரணம் காட்டுகிறார். அக்காரணத்திற்கு ஓர் அணைப்புப் போதும், பக்கங்கள் வேண்டா. இஃது இரு நூல்களை அருகருகே வைத்த அடுக்கு, நெசவு அன்று. இந்நூல் பெருந்தொகையாக விற்றது உண்மை. விற்பனை நம் வினாவுக்கு விடையாகாது.

டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் பால்கன்' (1930) இதற்கு நேர்மாறானது. ஆயிரம் டாலர் தாள் ஒன்று காணாமற்போக, அதனை ஒளித்தவள் பிரிஜிட் அல்லள் என்று உறுதி செய்துகொள்ளச் சாம் ஸ்பேட் அவளைத் தனியறைக்கு அழைத்துச் சென்று ஆடை முழுவதும் களையச் செய்து சோதிக்கிறான். பெண்ணின் உடல் முற்றும் வெளிப்படும் அவ்விடத்துக் காமம் அணுவளவும் இல்லை. இருவர்க்கும் இடையே இருந்த நம்பிக்கை அங்கே இறந்துபடுகிறது. முடிவில் அவன் அவளைக் காவலரிடம் ஒப்படைக்கும் செயலுக்கு அங்கேயே வித்து ஊன்றப்படுகிறது. 1941இல் வந்த திரைப்படம் இச்சோதனையை விட்டுவிட்டது. படம் சிறந்ததே; ஆயினும் இறுதியில் ஸ்பேட் காட்டும் கடுமை நூலில் போல அத்துணை முன்னேற்பாடு உடையதாகப் படத்தில் தோன்றவில்லை.

கேயினின் நூலுக்கும் திரைப்படங்கள் ஓர் உரைகல் ஆகின்றன. 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து 1968 வரை நிலவிய திரைப்பட ஒழுக்க விதிகளின்கீழ் 1946இல் ஒரு படம் எடுக்கப்பட்டது. கூட்டத்தைக் காட்ட இயலாமையின், உருண்டு வரும் உதட்டுச் சாயக் குழலையும் கோராவின் வெள்ளாடையையும் கொண்டு வேட்கையைக் குறிப்பித்தனர். கதையைக் கடைசி வரை விடவில்லை. விதிகள் மறைந்தபின் 1981இல் பாப் ராபல்சன் எடுத்த படமோ, நூலிற் கதவு மூடியவிடத்தைத் திறந்து, சமையலறை மேசைமேல் நிகழும் கூட்டத்தை நீளக் காட்டியது. கோராவின் சாவோடு கதையை நிறுத்திவிட்டது. சேர்த்தது எது, விடுத்தது எது என்று நோக்குமின். சேர்த்த காட்சி நூல் குறிப்பாற் கூறியதை விரித்தது. புதிதாக ஒன்றும் கூறவில்லை. விடுத்ததோ நூலின் முடிவு. முதற்படத்தில் காமம் குறைந்தது, இதில் மிகுந்தது என்று அளந்து கூறுதல் எளிது. நம் அளவுகோலின்படி முதற்படமே காமத்திற்கு நேர்மையானது. ஏனெனில் அக்காமம் எங்கே சென்று முடிந்தது என்பதை அது மறைக்கவில்லை.

இவ்வளவும் கூறியபின் ஒரு தடை எழும். அதனைக் கடந்து செல்லுதல் முறையன்று. பிரிக்க இயலாமை ஒன்றே நூலை உயர்த்திவிடுமோ? உயர்த்தாது. அது கலைக்கு அளவுகோல், அறத்திற்கன்று. ரேமண்ட் சாண்ட்லர் கேயினை வெறுத்தார். அழுக்கான பொருளை எழுதியதற்காக அன்று, அழுக்கான முறையில் எழுதியதற்காக. (அவரே கேயினின் மற்றொரு நூலாகிய 'டபிள் இன்டெம்னிட்டி'க்கு 1943இல் திரைக்கதை எழுதும் பணியில் ஈடுபட்டார் என்பது காலத்தின் குறும்பு.) நமக்கும் ஒரு குறை தோன்றுகிறது. கடிக்குமாறு கோரா கேட்டாள், அடிபட்டதும் வேட்கை கொண்டாள் என்பனவெல்லாம் யார் கூற்று? பிராங்க்கின் கூற்று. தலைவி கூற்று என்று தனித்து நிற்பது நூலில் இல்லை. அவள் பேச்செல்லாம் அவன் நினைவின் வழியாகவே நம்மை அடைகிறது. அயோவா மாநிலத்துப் பள்ளி அழகுப்போட்டியில் வென்று ஹாலிவுட்டுக்கு வந்து, உணவுக்கடைகளில் உழன்று, அதனின்று தப்பக் கிரேக்கனை மணந்த அவள் வரலாறு சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கணவன் அயலான் என்பதால் அவள் கொள்ளும் வெறுப்பையும் நூல் சிறிதும் ஆராயவில்லை. துன்புறுத்தலைப் பெண் விரும்பினாள் என்று ஆண் கூறுவதை அவ்வண்ணமே ஏற்றுக்கொண்டு பாராட்டுதல் ஆராய்ச்சி ஆகாது. கூற்று யாருடையது என்று முதலிற் கேட்கக் கற்பித்த மரபில் வந்த நாம் இதனை மறத்தல் கூடாது.

ஆனால் இக்குறையை ஆசிரியரே ஓரளவு உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. 1981ஆம் ஆண்டுப் படம் விடுத்த முடிவில் அது கிடக்கிறது. கருவுற்ற கோராவை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லும் வழியில் ஊர்தி மோதி அவள் இறக்கிறாள். இம்முறை அது மெய்யாகவே விபத்து. செய்த கொலைக்குத் தப்பியவன் செய்யாத கொலைக்கு மரண தண்டனை பெறுகிறான். தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்துகொண்டு எழுதியதே நாம் இதுகாறும் படித்த நூல் என்பது அப்போதுதான் தெரிகிறது. அங்கே அவனை வருத்துவது சாவு அன்று. ஊர்தி மோதிய அக்கணத்தில், இவன் என்னையும் கொன்றான் என்று கோரா எண்ணியிருப்பாளோ என்பதே. நூல் முழுவதும் அவள் நெஞ்சைத் தான் அறிந்தவனாகவே பேசி வந்தவன், இறுதிப் பக்கத்தில் அதனை அறியாமல் நிற்கிறான்.