மீட்டரைச் சோதிப்பவர் யார்?

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு அமலானதும் மீட்டர் பார்ப்பவர்கள் வீடுகளுக்கு வருவது நின்றது. மே மாதம் அவர்கள் மீண்டும் வந்தபோது சேர்ந்திருந்த யூனிட்டெல்லாம் ஒரே பில்லில் இறங்கின. வீட்டிலேயே அடைந்து கிடந்ததால் பயன்பாடும் கூடியிருந்தது. ஆனாலும் பலர் முதலில் சந்தேகப்பட்டது மீட்டரைத்தான். கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டத்து மக்களிடம் இந்தச் சந்தேகம் எழுவதில் வியப்பில்லை. நிர்வாகம் ஜெனரேட்டர் ஓட்டி மாலையில் சில மணி நேரம் தொழிலாளர் லயத்துக்கு வெளிச்சம் கொடுத்த காலத்திலிருந்தே மின்சாரக் கணக்கு அவர்கள் கையில் இருந்ததில்லை.

சந்தேகத்தில் ஒரு பாதி தவறு. அனைத்துலகத் தரவிதிப்படி துல்லியத்தில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த மீட்டர் வழக்கமான சுமையில் 2 விழுக்காட்டுக்கு மேல் பிழை காட்டக் கூடாது. வீட்டில் எதுவும் ஓடாதபோது அது நகரவே கூடாது. மின்னல் தாக்கினாற்போல ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கணநேரம் பாய்ச்சி அதன் காப்பைச் சோதிப்பார்கள். கம்பிகள் இணையும் கட்டையில் 960 டிகிரிக்குப் பழுத்த கம்பியை வைத்துத் தீப்பற்றுகிறதா என்று பார்ப்பார்கள். இணைப்புத் திருகாணி தளர்ந்தால் சூடேறும் இடம் அது. பலகைச் சுவரும் தகரக் கூரையுமான பழைய லயத்தில் இந்தச் சோதனை உயிர்காப்பு.

பணக் கணக்கையும் பார்ப்போம். மாதம் 300 யூனிட் எரிக்கும் வீட்டில் 2 விழுக்காடு என்பது 6 யூனிட். 2025 நடுப்பகுதி வரை இருந்த கட்டணத்தில் 201 முதல் 300 வரையான யூனிட்டுக்கு 33.40 சென். ஆக, பிழை இரண்டு ரிங்கிட்தான். பில் இரட்டித்தால் அனுமதிக்கப்பட்ட பிழை அதற்குக் காரணமாக முடியாது. மீட்டர் பழுதா, வாசிப்புத் தவறா, கசிவா, பழைய குளிர்பெட்டியா என்று தேட வேண்டும்.

குறை, மீட்டர் சுவரில் ஏறிய பிறகு தொடங்குகிறது. சோதனைச்சாலையின் அடிப்படை வெப்பம் 23 டிகிரி. வெளிச்சுவர்ப் பெட்டிக்குள் வெயிலும் ஈரமும் எறும்பும் பல்லியும் இருக்கும், போதாததற்கு மேற்குக் கரையின் இடிமின்னல் வேறு. அன்று தேறியது இன்றும் சரியாக ஓடுகிறது என்பதற்கு மறுசோதனையைத் தவிர வேறு சான்று கிடையாது.

அந்த மறுசோதனைக்கு மின்சாரம் விற்கும் தெனாகா நேஷனல் நிறுவனத்திடம்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரே அளக்கிறார், சர்ச்சை வந்தால் அவரே சோதிக்கிறார். 1990ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டம், 38ஆம் பிரிவில், மீட்டரில் கைவைத்ததால் ஏற்பட்ட இழப்பு இவ்வளவு என்று நிறுவனத்தின் ஊழியர் தரும் சான்றளிக்கப்பட்ட அறிக்கையை முதல்நிலைச் சான்றாக ஏற்கிறது. மீட்டர் தானாகப் பழுதானால் பின்தேதியிட்டு வசூலிக்க மூன்று மாத வரம்பு உண்டு. கைவைத்ததாக முடிவானால் அந்த வரம்பு பொருந்தாது. ஒரு குடும்பத்தின் கடன் சிறியதா பெரியதா என்பதையே அந்தத் தீர்ப்பு முடிவுசெய்கிறது. மின்திருட்டு உண்மை, அதன் சுமை நேர்மையாகக் கட்டுகிறவர்கள் மீதும் விழுகிறது. அதற்காக, வாதியையே நிபுணராகவும் ஏற்க வேண்டியதில்லை. எரிசக்தி ஆணையத்திடம் முறையிடலாம்தான். ஆனால் கழற்றிக் கொண்டுபோன மீட்டரைப் பற்றித் தோட்டத் தொழிலாளி பிறகு எதைக் காட்டி வாதிடுவார்?

இந்தியா 2024 பிப்ரவரியில் மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. வாசிப்பு சரியில்லை என்று புகார் வந்தால் ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. இரண்டு எண்ணையும் வீட்டுக்காரரே தினம் பார்க்கலாம், படிப்பு வேண்டாம்.

ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கொரு முறை பதிவு செய்கிறது. மதிப்பீட்டு பில் குறையும், அது நல்லதே. ஆனால் பதிவு அடிக்கடி நடப்பதால் அளவு சரியென்று ஆகிவிடாது. தோட்டத்தில் கணக்கு நிர்வாகத்தின் பெயரில் இருந்து, லயத்து வீட்டின் உள்மீட்டரைப் பார்த்துத் தோட்டக் கிராணி சம்பளத்தில் பிடித்தால் தொழிலாளிக்குச் செயலியும் இல்லை, விண்ணப்பிக்கும் உரிமையும் இல்லை. அந்த உள்மீட்டருக்கும் முத்திரையும் சோதனைத் தேதியும் வேண்டும். மின்சாரம் எரிப்பவர் கேட்டாலே, கணக்கு யார் பெயரில் இருந்தாலும், அவர் முன்னிலையில், நிறுவனத்தைச் சாராத ஒருவர் ஒப்பீட்டு மீட்டருடன் வந்து சோதித்து, முடிவைத் தமிழிலும் மலாயிலும் எழுதி அவர் கையில் கொடுக்கும்படி ஆணையம் விதி செய்ய வேண்டும்.