எந்த வாசலில் போய் நிற்பது?

1969 ஜூலை 15. அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள். கேப் கென்னடியின் வாசலருகே ரால்ஃப் அபர்நாதி தலைமையில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளோடு வந்து நின்றன. நாஸாவின் தலைவர் தாமஸ் பெய்ன் அவர்களை நேரில் சந்தித்தார். பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை ஒழியும் என்றால் நாளைக்கு அழுத்த மாட்டோம் என்றார். நழுவல்தான். ஆனாலும் அது ஒரு பதில்.

அந்த ராக்கெட் எழும்பிய 39ஏ ஏவுதளம் 2014இல் ஸ்பேஸ்எக்ஸுக்குக் குத்தகைக்குப் போனது. 2020 மே 30 அன்று அங்கிருந்துதான் அந்த நிறுவனத்தின் கலத்தில் முதன்முதலாக இருவர் விண்ணுக்குப் போனார்கள். ஐந்து நாள் முன்பு மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்றிருந்தார். ஊரெல்லாம் தெருவில் நின்றது. கழுதை வண்டிகள் மறுபடி அதே வாசலுக்குப் போயிருந்தால் யார் வந்து பேசியிருப்பார்கள்?

அரசா தனியாரா என்ற எதிர்நிலையே ஒரு புனைவு. 'அரசாங்கம் செஞ்சா வீண்செலவு, முதலாளி செஞ்சா சாகசம்' என்பது பொதுப்புத்தி. காசு யாருடையது? 2008இல் சரக்கு ஏற்றிச்செல்ல நாஸா ஸ்பேஸ்எக்ஸுக்கு வழங்கிய ஒப்பந்தம் 160 கோடி டாலர். 2014இல் ஆள் ஏற்றிச்செல்ல 260 கோடி. போயிங்குக்கு 420 கோடி. எல்லாம் வரிப்பணம். 'தனியார்' என்ற சொல் இங்கே பணத்தின் மூலத்தைச் சுட்டவில்லை, உரிமையைச் சுட்டுகிறது.

அதற்காக அரசின் விண்வெளியைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. அது பனிப்போரின் குழந்தை. சாட்டர்ன் ராக்கெட்டை உருவாக்கிய வான் பிரௌன், முகாம் கைதிகளின் உழைப்பில் வி-2 செய்த ஆள். நிலையான விலை ஒப்பந்தத்தால் அரசுக்கு மிச்சமானதும் உண்மையே: போயிங்கின் ஸ்டார்லைனர் தாமதத்தில் விழுந்த நூறு கோடி டாலருக்கும் மேலான நஷ்டத்தைப் போயிங்கே சுமந்தது. 2024 ஜூனில் அதில் போன இருவரும் 2025 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில்தான் திரும்பினார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு வெறும் 'தனியார்மய எதிர்ப்பு' பேசினால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள்.

நம் தோழர்கள் பலர் செலவுக் கணக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். கேள்வி கேட்கும் உரிமை எங்கே போகிறது என்பதல்லவா விஷயம்? அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம், காசு கொடுத்து விண்ணுக்குப் போகிறவரின் பாதுகாப்புக்கு அரசு விதி வகுப்பதைத் தள்ளிவைத்தது. ஆபத்து தெரியும் என்று பயணி கையெழுத்துப் போட்டால் போதும். அந்தத் தள்ளிவைப்பைத் திரும்பத் திரும்ப நீட்டி, 2024இல் இன்னொரு தடவையும் நீட்டினார்கள்.

2021 ஜூலை 20 அன்று பத்து நிமிஷம் மேலே போய்விட்டு வந்த ஜெஃப் பெசோஸ், இதற்கெல்லாம் காசு கொடுத்தது நீங்கள்தான் என்று அமேசான் தொழிலாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். கிண்டல் இல்லை, மனசாரத்தான். அதற்கு மூன்று மாதம் முன்புதான் அலபாமாவின் பெஸ்ஸமர் கிடங்கில் சங்கம் வைப்பதற்கான வாக்கெடுப்பு தோற்றிருந்தது.