பாடப்பொருளாகிய தொலைக்காட்சி நாடகமும் இசைக் காணொளியும்

ஒரு படைப்பின் நலந்தீங்குகளை ஆராய்ந்து கூறுதல் திறனாய்வின் தொழில் என்பர். எவ்வெவை ஆராயத்தக்கன என்று வரையறுத்தலும் அதன் தொழிலேயாம். இங்கிலாந்து நாட்டுப் பள்ளிகளில் பதினாறு வயதிற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ‘ஊடகக் கல்வி’ என்னும் பாடத்தில், தொலைக்காட்சி நாடகமும் இசைக் காணொளியும் செய்யுளையும் புதினத்தையும் போலவே பாடமாக வைக்கப்பெற்று ஆராயப்படுகின்றன. அவ்வாராய்ச்சி முறையால் படைப்பு விளங்குகின்றதா, மறைகின்றதா என்பதே இக்கட்டுரையின் வினா.

மூன்று நிலைகள்

இப்பாடத்தின் வரலாற்றில் மூன்று நிலைகளைக் காணலாம். 1933ஆம் ஆண்டில் எப். ஆர். லீவிஸ், டெனிஸ் தாம்சன் ஆகிய இருவரும் ‘பண்பாடும் சூழலும்’ என்னும் நூலை வெளியிட்டனர். விளம்பரம், மலிவான இதழ், திரைப்படம் ஆகியவற்றின் கவர்ச்சியினின்றும் இளையோரைக் காத்தல் அந்நூலின் நோக்கம். 1964இல் ஸ்டூவர்ட் ஹாலும் பாடி வேனலும் எழுதிய ‘மக்கட் கலைகள்’ என்னும் நூல், அக்கலைகளை ஒருசேரத் தள்ளாது, அவற்றுள்ளேயே சிறந்ததையும் சிறவாததையும் பிரித்தறிய முற்பட்டது. 1980இல் வெளிவந்த லென் மாஸ்டர்மனின் ‘தொலைக்காட்சி கற்பித்தல்’, தரம் பற்றிய வினாவை ஒதுக்கி, காட்சி எவ்வாறு பொருள் தருகின்றது என்னும் வினாவை முன்வைத்தது. காத்தல், தேர்தல், விளக்கல் என இவற்றைச் சுருங்கக் கூறலாம்.

2017 செப்டம்பர் முதல் கற்பிக்கப்பெற்ற மேனிலைப் பாடத்திட்டம் மூன்றாம் நிலையின் முதிர்ச்சி எனலாம். ஊடகமொழி, சித்திரிப்பு, தொழில் நிறுவனம், காண்போர் என்னும் நான்கு கூறுகள் அதில் வகுக்கப்பட்டன. அவற்றிற்கு உரியனவாக ரொலான் பார்த், லெவி-ஸ்ட்ராஸ், ஸ்டூவர்ட் ஹால், பால் கில்ராய் முதலானோரின் 19 கோட்பாடுகள் பெயர் சுட்டி விதிக்கப்பட்டன. மதிப்பெண்ணில் நூற்றுக்கு 70 எழுத்துத் தேர்வுக்கும், 30 மாணவர் தாமே ஊடகப் படைப்பு ஒன்றை ஆக்கும் செய்முறைக்கும் உரியன. நான்கு கூறுகளும் வேண்டுவனவே. ஆயின் கோட்பாட்டைப் பெயரளவில் விதித்த இடத்திலே ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஏ.கியூ.ஏ. என்னும் தேர்வு வாரியம் வெவ்வேறு ஆண்டுகளில் பாடமாக வைத்த இரு படைப்புக்களைக் கொண்டு அதனைக் காண்போம்.

‘கோஸ்ட் டவுன்’

முதலாவது, ‘தி ஸ்பெஷல்ஸ்’ குழுவினரின் ‘கோஸ்ட் டவுன்’ என்னும் பாடலுக்கு அமைந்த காணொளி. கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கிருந்த இக்குழு, தொழில் நலிந்த கவென்ட்ரி நகரிலே தோன்றியது. பாடலை இயற்றியவர் ஜெரி டாமர்ஸ். காணொளியை இயக்கியவர் பார்னி பபிள்ஸ். வேலையின்மையால் வெறிச்சோடிய நகரைப் பாடும் இப்பாடல், 1981 சூலையில், இங்கிலாந்து நகரங்கள் பலவற்றில் கலகம் மூண்டிருந்த நாள்களிலேயே, விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் மூன்று வாரம் நின்றது.

மாணவன் ஒருவன் இதனைக் கில்ராயின் கோட்பாட்டோடு பொருத்த முற்படின், இரு நிறத்தவரும் ஒரே வண்டியில் இருத்தலைச் சுட்டி, குடியேற்றக் காலத்தின் எச்சம், கலப்புப் பண்பாடு என்னும் தொடர்களை எழுதி அமைவான். அவன் எழுதியது பிழையன்று. ஆயினும் காணொளியை அவன் கண்டான் என்று சொல்ல இயலாது. அதில் மேடையில்லை, ஆடல் மகளிர் இல்லை. பாடுவோர் அனைவரும் பழைய வாக்சால் கார் ஒன்றில் நெருக்குண்டு அமர்ந்து, சுரங்கவழியினூடும் ஆளில்லாத தெருக்களினூடும் செல்கின்றனர். ஊர் வெறுமையாய் இருக்க, வண்டி மட்டும் நிறைந்திருத்தல் இக்காட்சியின் முதல் முரண்.

இரண்டாம் முரண் இன்னும் நுண்ணியது. பாடல் நினைவூட்டுவது தொழில் இழந்த ஊர்; காட்சியில் வருவதோ இலண்டன் மாநகரின் வங்கிப் பகுதி. ஆங்குக் குடியிருப்போர் சிலரே; அலுவல் இல்லாத வேளையில் அத்தெருக்கள் இயல்பாகவே வெறிச்சோடும். வறுமையால் நேர்ந்த வெறுமையைக் காட்டச் செல்வத்தின் வெறுமை பயன்படுகின்றது. செலவுச் சுருக்கமோ வேறு வசதியோ இதற்குக் காரணமாயிருக்கலாம். எனினும், ஊரை வறிதாக்கியவர் யார் என்னும் வினா காண்போர் உள்ளத்தில் இதனால் எழுகின்றது. இறுதியில் அவர்கள் தேம்சு ஆற்றங்கரையில் நின்று நீரிற் கல்லெறிகின்றனர். நாட்டில் கல்லெறிதல் கலகத்தின் அடையாளமாய் இருந்த காலத்தில், இது செய்தற்கு வேறொன்றும் இல்லாத இளைஞரின் விளையாட்டாய் நிற்கின்றது. இவற்றைக் கண்டபின் கில்ராயின் கருத்து வருமாயின், அது விளக்காய் உதவும். முன்னே வருமாயின் திரையாகும்.

‘டாய்ச்லாந்து 83’

இரண்டாவது, அன்னா விங்கர், யோர்க் விங்கர் ஆகியோர் படைத்த ‘டாய்ச்லாந்து 83’ என்னும் செருமானியத் தொடர் நாடகம். கிழக்குச் செருமனியின் எல்லைக் காவலனாகிய மார்ட்டின் என்னும் இளைஞன், 1983இல் ஒற்றனாக மேற்கிற்கு அனுப்பப்படுகின்றான். முதற்பகுதியில், தன்னைக் கடத்திச் சென்றோரிடமிருந்து தப்பியோடும் அவன், ஒரு பெரிய கடையினுட் புகுந்து, நிரம்பிய அடுக்குகளைக் கண்டு திகைத்து நிற்கின்றான்.

இக்காட்சிக்கு லெவி-ஸ்ட்ராஸின் இருமை எதிர்வு என்னும் கோட்பாடு எளிதிற் பொருந்தும்: கிழக்கு, மேற்கு, இன்மை, உடைமை. ஆயின் இவ்வளவில் நின்றால் நாடகம் அரசியற் பதாகையாகச் சுருங்கிவிடும். அவன் ஓடுவது மேற்கை நாடியன்று. தன் வீட்டை நாடி. அவன் பணிக்கு இசையக் காரணம் கொள்கைப் பற்றன்று. சிறுநீரகம் பழுதுற்ற தாய்க்கு மருத்துவம் கிட்டும் என்னும் உறுதிமொழி. அவனை இப்பணியில் மாட்டியவளும் தாயின் உடன்பிறந்தாளே. ஆகவே எல்லைக்கோடு நாட்டின் குறுக்கே மட்டும் செல்லவில்லை. குடும்பத்தின் குறுக்கேயும் செல்கின்றது. நாடகத்தின் உயிர் இவ்விடத்தே உள்ளது.

பாடத்திட்டத்தின் சிறப்பும் இந்நாடகத்தாலேயே விளங்கும். இது 2015 சூனில் அமெரிக்காவில் ஒளிபரப்பாகி, நவம்பரில்தான் செருமனியில் வெளிவந்தது. தாய்நாட்டிலே வாரந்தோறும் காண்போர் தொகை குறைந்தது. பின்னர் 2018, 2020ஆம் ஆண்டுகளின் தொடர்ச்சிகள் அமேசான் வழியாக வெளிவந்தன. தன் நாட்டு வரலாற்றை அயலார்க்கும் புலனாகுமாறு சொல்லும் நாடகம் எவற்றைத் தெளிவுறுத்தும், எவற்றை விடுக்கும் என்னும் வினா, தொழில் நிறுவனம் பற்றிய அறிவின்றி எழாது. புரவலனை அறியாது புறப்பாட்டை முற்றும் அறிதல் அரிதென உணர்ந்த நமக்கு இது புதுமையன்று. எனினும் இக்காலப் படைப்புக்களை ஆராயும் நம்மவர் இதனைப் போதிய அளவு கருதுவதில்லை.

துறையும் பாட்டும்

கோட்பாடு முந்துதலால் விளையும் கேடும் நமக்குப் புதிதன்று. சங்கப் பாடலைக் கற்கும் மாணவர் பலர், பாட்டின்கீழ் உள்ள துறைக் குறிப்பை முதலிற் படித்து, அதற்கு இசையவே பாட்டைக் காண்கின்றனர். பாலை என்று அறிந்தவுடன் பிரிவுத்துயர் என்று எழுதிவிடுகின்றனர். அப்பாட்டிற்கே உரிய துயர் யாதென நோக்குவதில்லை. ஒரே பாட்டிற்கு உரையாசிரியர் வேறு துறை கொள்ளுதலும் உண்டு. துறை பாட்டினின்று உய்த்துணரப்பட்டது என்பதற்கு இதுவே சான்று.

ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இக்கேட்டிற்கு மருந்தும் உள்ளது. அது, குறைந்த மதிப்பெண் பெற்ற செய்முறைப் பகுதியே. தானே ஒரு காணொளி ஆக்கும் மாணவன், ஒளிப்படக் கருவியை வண்டியின் உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா எனத் துணிய வேண்டியவனாகின்றான். அங்ஙனம் துணிந்தவனுக்குப் பபிள்ஸின் தெரிவு வேறோர் ஒளியோடு தோன்றும். செய்முறையில் எழும் இவ்வினாக்களை எழுத்துத் தேர்வும் முதன்மையாகக் கொள்ளுமாயின் பாடம் சிறக்கும்.

தொகுப்புரை

தொலைக்காட்சி நாடகமும் இசைக் காணொளியும் பாடமாதற்குத் தகுதி உடையனவா என்னும் பழைய வழக்கிற்கு மேற்காட்டிய இரண்டுமே விடை. உன்னிப் பார்ப்பார்க்கு அவை பொருள் சுரக்கின்றன. எஞ்சி நிற்பது அவற்றைப் பயிற்றும் முறை பற்றிய வழக்கே. படைப்பைப் பலமுறை காணுதல், கண்டதைத் தன் சொல்லால் உரைத்தல், அதன் பின்னரே கோட்பாட்டை அழைத்தல் என்னும் முறைவைப்பு வேண்டும். பதினேழு வயதில் காணக் கற்றவன் பின்னர் எக்கோட்பாட்டையும் கற்றுக்கொள்வான். பெயரிட மட்டும் கற்றவனுக்குக் காணுதல் பின்னர் வாய்த்தல் அரிது. திணையும் துறையும் கற்பிக்கும் நம் துறையினர்க்கும் இம்முறைவைப்பு ஒக்கும்.