ஒளி, தொலைவு, முகம்: பழைய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சியின் வேற்றுயிர் ஒப்பனையும் தெருக்கூத்து வேட மரபும்

ஆய்வுச் சுருக்கம்

1960களின் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் தோன்றும் வேற்றுலக உயிர்களின் ஒப்பனை, இன்றைய பார்வையாளரிடம் பெரும்பாலும் நகைப்பையே பெறுகிறது. அந்த நகைப்பு ஒப்பனையின் தரத்தை அளக்கத் தக்க கோல்தானா என்பதே இக்கட்டுரையின் வினா. செஞ்சி, திண்டிவனம் வட்டாரத் தெருக்கூத்தின் வேட மரபிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெற்று, ‘ஸ்டார் டிரெக்’, ‘டாக்டர் ஹூ’ ஆகிய தொடர்களின் சில வேடங்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. எளிய பொருள்களால் அமைந்த ஒப்பனை குறையுடையதாகிவிடாது என்பதும், பழமை கருதி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளவும் இயலாது என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஒப்பனை, வேடம், தெருக்கூத்து, படுகளம், மெய்ப்பாடு, அறிவியல் புனைவு, தொலைக்காட்சி.

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கையும் விலங்கையும் வைக்கிறது; மருட்கையின் நிலைக்களன்களுள் புதுமையை வைக்கிறது; நகையின் நிலைக்களன்களுள் எள்ளலை வைக்கிறது. வேற்றுலக உயிரைத் திரையில் காட்டும் ஒப்பனைக் கலைஞர் முதலிரு மெய்ப்பாடுகளை நாடி உழைக்கிறார். அரை நூற்றாண்டு கழித்து அவ்வுழைப்பு எள்ளலாகத் திரிந்து போகிறது. ‘ரப்பர் உடை’, ‘துணி முகமூடி’ என்று பொருளின் பெயரைச் சொல்வதே தீர்ப்பாகிவிடுகிறது. பொருளைப் பெயரிடுவது மதிப்பீடு ஆகாது. அந்தப் பொருள் எந்த ஒளியில், எவ்வளவு தொலைவில், எந்தக் கதைத் தேவைக்காகப் பயன்பட்டது என்று கேட்ட பின்னரே திறனாய்வு தொடங்க இயலும்.

இவ்வினாக்களை எழுப்பக் கூத்து மரபு துணைசெய்கிறது. மேல்சித்தாமூரைச் சூழ்ந்த செஞ்சி, திண்டிவனம் வட்டாரம் திரௌபதி வழிபாடும் பாரதக் கூத்தும் ஆழ வேரூன்றிய நிலம். மனித முகத்தின்மீது மனிதரல்லாத ஒன்றை எழுதிக்காட்டும் கலை இங்கு இன்றும் நிகழ்கலையாக வாழ்கிறது. ஆகவே அதனை உயிருள்ள அளவுகோலாகக் கொள்ளலாம்.

1. ஒளியும் தொலைவும்

கூத்தில் துரியோதனன் முகத்தில் பூசப்படும் அடர்சிவப்பும், அதன்மேல் இடப்படும் வெண்புள்ளிகளும் கோடுகளும் கையெட்டும் தொலைவில் பகலில் பார்ப்பதற்காக உருவானவையல்ல. தீப்பந்த ஒளியிலும் பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்கொளியிலும், தெருவின் கடைக்கோடியில் அமர்ந்திருப்பவருக்கும் கண்ணும் புருவமும் தெரிய வேண்டும் என்ற தேவையே அவற்றை உருவாக்கியது. கிரீடத்திலும் புஜக்கட்டைகளிலும் பதிக்கப்படும் கண்ணாடித் துண்டுகளும் கிடைக்கும் சிறிதளவு ஒளியைப் பன்மடங்காக்கவே பயன்படுகின்றன. வேடத்தின் ஒரு பாதியைக் கலைஞரும் மறுபாதியை இரவும் எழுதுகின்றன எனலாம்.

பழைய தொலைக்காட்சி ஒப்பனைக்கும் இதுவே பொருந்தும். 1966இல் ‘டாக்டர் ஹூ’ பிரித்தானிய இல்லங்களில் 405 வரிகள் கொண்ட கருப்பு வெள்ளைப் படமாகவே சென்று சேர்ந்தது. அதே ஆண்டில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ அமெரிக்காவின் 525 வரி முறையில் ஒளிபரப்பாயிற்று. வண்ணத்தில் எடுக்கப்பட்டிருந்தும், பல வீடுகளில் அது கருப்பு வெள்ளைத் திரையிலேயே காணப்பட்டது. ஸ்பாக் என்ற பாத்திரத்துக்கு முதலில் கருதப்பட்ட செந்நிறத் தோல் கருப்பு வெள்ளைத் திரையில் கருமையாகத் தெரியும் என்பதால் கைவிடப்பட்டு, வெளிர்மஞ்சள் சாயல் தேர்ந்துகொள்ளப்பட்டது. பெட்ரோமாக்ஸுக்கு ஏற்ப முகம் எழுதும் கூத்தரின் அறிவும், படக்குழாய்த் திரைக்கு ஏற்ப நிறம் தேர்ந்த ஒப்பனையாளர் பிரெட் பிலிப்ஸின் அறிவும் ஓரினத்தவை.

‘ஸ்டார் டிரெக்’ 35 மில்லிமீட்டர் படச்சுருளில் பதிவானது. அச்சுருளில் இருந்த நுண்மை அன்றைய திரைகளில் வெளிப்படவில்லை. 2006 முதல் உயர்தெளிவு வடிவில் அது மீட்டெடுக்கப்பட்டபோது, ஒட்டுகாதின் விளிம்பும் பூச்சின் எல்லையும் புலப்படலாயின. ஒப்பனை அன்று செய்தது போலவே இருக்கிறது. பார்வையின் தொலைவுதான் குறைந்துவிட்டது. இந்த வேறுபாட்டைக் கருதாத மதிப்பீடு, நள்ளிரவு வேடத்தை நண்பகலில் நிறுத்திக் குறைகூறுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் தொலைவு ஒன்றே அனைத்தையும் விளக்கிவிடாது. மேல்மலையனூர் மயானக்கொள்ளையில் காளியாகவும் அங்காளம்மனாகவும் வேடமிடுவோர் பகல் வெளிச்சத்தில், கூட்டத்தினரை உரசியவாறே நடக்கின்றனர். பூச்சின் கரடுமுரடு எவர் கண்ணுக்கும் தப்புவதில்லை. அங்கே அச்சம் குறையாதிருப்பதற்குக் காரணம், வேடத்துக்கும் காண்போருக்கும் இடையே உள்ள உடன்பாடு. தொலைக்காட்சிக்கு அத்தகைய சடங்குப் பின்புலம் இல்லை. உடன்பாட்டைக் கதையும் நடிப்புமே ஈட்டித்தர வேண்டும். எனவே அடுத்த அளவுகோல் முகத்தைப் பற்றியதாகிறது.

2. முகத்துக்கு இடம்விடுதல்

மேல்சித்தாமூர் மல்லிநாதர் கோயிலின் பாறைப் புடைப்புச் சிற்பங்களுள் பார்சுவநாதரின் உருவமும் உண்டு. அவருக்குரிய அடையாளமாகிய பாம்பின் படம் தலைக்குமேல் குடையாக விரிகிறது. முகம் மனித முகமாகவே அமைதி கொண்டுள்ளது. மனித எல்லை கடந்ததைச் சுட்டும் குறியை முகத்தைச் சுற்றி வைத்து, முகத்தை உணர்வுக்கு விட்டுவைக்கும் முறை இது. கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் இவ்வாறே உருவத்தைப் பெருக்குகின்றன. கண்ணும் வாயும் பாடவும் பேசவும் தடையின்றி இருக்கின்றன.

ஸ்பாக் வேடத்தின் வெற்றி இங்குதான் உள்ளது. கூர்ங்காது, ஏறிய புருவம், தோலின் சாயல் ஆகிய மூன்றே குறிகள். லியோனார்ட் நிமாயின் முகத்தசைகள் கட்டுண்ணவில்லை. உணர்வை அடக்கும் ஓர் இனத்தவனை நடிக்க, அடக்குவதற்குரிய முகம் முதலில் தெரிய வேண்டும். அவ்வாய்ப்பை ஒப்பனை வழங்கியது. 1987இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘இராமாயண’த்தில் தாரா சிங் ஏற்ற அனுமன் வேடத்திலும் வாய்ப்பகுதி மட்டுமே குரங்கின் சாயல் பெற்றது, பக்தியையும் பணிவையும் கண்கள் சுமந்தன.

இதற்கு மறுதலையான சான்று 1967 சனவரியில் ஒளிபரப்பான ‘அரீனா’ பகுதியின் கார்ன் என்னும் பல்லியுரு. வா சாங் வடிவமைத்த அவ்வுருவம் முதல் தோற்றத்தில் மிரட்டவே செய்கிறது. ஆனால், கொடிய எதிரியாகக் கண்டதை உரிமை மீறப்பட்ட ஒரு தரப்பாகவும் காண வேண்டிய கட்டாயத்துக்குக் கதை நம்மைக் கொண்டுசெல்கிறது. அத்திருப்பத்தில் பங்கேற்க அந்த முகத்தால் இயலவில்லை. குரல் மட்டுமே அதனைச் சுமக்கிறது. இங்குக் குறை, உடை ரப்பரால் ஆனது என்பதன்று; கதை வேண்டிய மெய்ப்பாட்டை அது தரவில்லை என்பதே.

முகத்தை மறைத்தல் எப்போதும் குறையாகிவிடுவதுமில்லை. 1966 அக்டோபரில் ‘டாக்டர் ஹூ’வில் முதன்முதலாகத் தோன்றிய சைபர்மனிதர்களின் முகத்தைத் துணி மூடியிருந்தது. வாய் திறக்கும், உதடு அசையாது, குரல் வரும்; கைகளோ மனிதக் கைகளாகவே தெரியும். தம் உடலைப் படிப்படியாக இயந்திரமாக மாற்றிக்கொண்ட மனிதர்கள் அவர்கள் என்பது கதை. அறுவைக்குப் பின் கட்டுப்போட்ட உடலை நினைவூட்டும் அத்துணியும், எஞ்சிய அக்கைகளும் கதைப்பொருளையே உரைக்கின்றன. மலிவான பொருள் இங்கே பொருத்தமான பொருளாயிற்று.

3. முகமற்ற உயிர்: ஹோர்டாவும் படுகளமும்

1967 மார்ச்சில் ஒளிபரப்பான ‘த டெவில் இன் த டார்க்’ பகுதியின் ஹோர்டா, தரையில் ஊரும் பாறைக்குவியல் போன்றது. ஜானோஸ் புரோஹாஸ்கா உள்ளிருந்து இயக்கிய அவ்வுருவுக்குக் கண்ணில்லை, வாயில்லை. சுரங்கத் தொழிலாளரைக் கொன்ற அது, உண்மையில் தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்பது பின்னர் தெரியவருகிறது. அதன் மனத்தோடு தன் மனத்தை இணைக்கும் ஸ்பாக், அதன் வலியைத் தன் குரலிலும் முகத்திலும் வெளியிடுகிறான். எப்போதும் உணர்வை அடக்கும் முகம், முகமற்ற ஒன்றுக்காக அழுகிறது.

இவ்வட்டாரத்துப் படுகளத்தை அறிந்தோர்க்கு இது புதிய உத்தி அன்று. பாரத விழாவின் நிறைவில் மண்ணால் குவித்துக் கிடத்தப்படும் துரியோதனன் உருவம் அசைவதில்லை. வீமன் வேடதாரி அதனைச் சுற்றி ஓடி, தொடையை அடிக்கும்போதும், பெண்வேடக் கலைஞர் அதன்முன் விழுந்து ஒப்பாரி வைக்கும்போதும் அம்மண் உயிர்பெற்று மாய்கிறது. உருவத்தின் உயிர் அதன் எதிரே நிற்பவரின் முகத்திலிருந்து வருகிறது. ஹோர்டாவைத் தனியே நிறுத்தி அதன் மேற்பரப்பை மட்டும் மதிப்பிடுவோர் இந்த உறவைக் காணத் தவறுகின்றனர். வேடத்தின் தரம் இருவருக்கு இடையில் பிறப்பது.

4. நிறம் என்னும் குறி

பழமை என்ற காரணத்தால் பொறுத்துக்கொள்ள இயலாத ஒரு குறையும் உண்டு. 1967இல் அறிமுகமான கிளிங்கன் இனத்தார்க்கு நெற்றிமேடுகள் அமைந்தது 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில்தான். தொடரில் கருமையூட்டிய தோலும் தாடியும் புருவமுமே அவர்களைப் பகைவராகக் காட்டின. சிக்கனமான இவ்வொப்பனை 405 வரியிலும் 525 வரியிலும் நன்கு தெரியும். நடிகரின் முகத்துக்கும் இடம்விடும். முன்னைய இரு அளவுகோல்களிலும் தேறும் இது மூன்றாவதில் தவறுகிறது. வேற்றுலகத்தவர் என்பதைச் சுட்ட, பூமியில் வாழும் மாந்தரின் நிறமே குறியாக எடுத்தாளப்படுகிறது. நம் புராணத் திரைப்படங்களிலும் தொடர்களிலும் அரக்கர் கூட்டத்துக்குக் கருமை பூசும் வழக்கமும் இதே குற்றத்துக்கு உரியது. கூத்தின் துரியோதனச் சிவப்பு எந்த மனிதக் கூட்டத்தின் தோலும் அன்று; அது சினத்தின் நிறம். குறி எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் தரத்தின் பகுதியே.

முடிவுரை

ஒளிக்கும் தொலைவுக்கும் பொருந்துதல், கதை வேண்டும் மெய்ப்பாட்டுக்கு வழிவிடுதல், வேற்றுமைக்கான குறியை நேர்மையாகத் தேர்தல் ஆகிய மூன்று அளவுகோல்களாலும் பார்க்கும்போது ஸ்பாக், சைபர்மனிதர், ஹோர்டா ஆகிய வேடங்கள் நிற்கின்றன. கார்ன் இரண்டாவதிலும் கிளிங்கன் மூன்றாவதிலும் தளர்கின்றன. ‘பழையது, ஆகவே நகைப்புக்குரியது’ என்ற ஒற்றைத் தீர்ப்பு இவ்வேறுபாடுகளை அழித்துவிடுகிறது.

இது தொலைதேசத் தொடர்களோடு முடியும் வழக்கன்று. இன்று கூத்துக் கலைஞரின் முகமும் கைப்பேசிப் படக்கருவியின் அண்மையில், வெள்ளொளியில் பதிவாகி, சில நொடித் துண்டாகப் பரவுகிறது. தெருவின் கடைக்கோடிக்காக எழுதப்பட்ட முகம் உள்ளங்கைத் திரையில் ‘அப்பிய பூச்சு’ எனத் தோன்றுகிறது. அத்தீர்ப்பை ஏற்று இளங்கலைஞர் தம் முகக்கோடுகளை மென்மையாக்கத் தொடங்கினால், நேரில் அமர்ந்து காணும் கடைசி வரிசை தன் துரியோதனனை இழக்கும். கூத்தை ஆவணப்படுத்துவோர் விளக்கின் வகையையும் காண்போர் அமர்ந்த தொலைவையும் வேடத்தோடு சேர்த்தே பதிவுசெய்ய வேண்டும். அண்மைக் காட்சியுடன் கடைசி வரிசையிலிருந்து எடுத்த காட்சியும் ஒவ்வோர் ஆவணத்திலும் இடம்பெறுதல் இன்றியமையாதது.