வேலி நிறையத் தூதுவளை

நல்ல வெயில் விழும் இடம் கொஞ்சம் இருந்தால் போதும், தூதுவளை வையுங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன்.

உத்தமபாளையத்தில் எங்கள் கொல்லை சரளை கலந்த செம்மண். மழை விட்டதுமே தண்ணீர் வடிந்துவிடும். தூதுவளைக்கு அதுதான் வேண்டும். வேரில் ஈரம் தேங்கினால் அழுகிவிடும். ஆடிக் காற்றில் வாழை இலையெல்லாம் நார்நாராகக் கிழியும்போது, இது கொக்கி முள்ளால் கம்பி வேலியைப் பற்றிக்கொண்டு பச்சை மாறாமல் நிற்கிறது. அந்த முள்ளுக்குப் பயந்து தெரு ஆடுகள் கிட்டவே வருவதில்லை. இவ்வளவு ருசியான கீரைக்கு இப்படி ஒரு காவல்!

பூவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. ஊதா இதழ், நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள். கத்தரிக் குடும்பமல்லவா, பைகளின் நுனியில் சிறு துளை மட்டும்தான். மகரந்தம் எளிதில் கொட்டாது. கருகருவென்ற தச்சன் தேனீ வந்து பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை 'ர்ர்ர்' என்று அதிரவிடும். அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென உதிரும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. காலையில் காபியோடு வேலியோரம் போனால் எனக்கு உள்ளே வர மனமே இருக்காது. பக்கத்திலிருக்கும் கத்தரிச் செடிகளுக்கும் அதே விருந்தாளிதான்; இப்போது காய்ப்பு அமோகம்.

விதை போட்டும் வளர்க்கலாம், முற்றிய தண்டை வெட்டி நட்டாலும் வேர்விடும். திராட்சைக்குக் கவாத்து செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? மழைக்கு முன்னால் தயங்காமல் வெட்டிவிடுங்கள். புதுத் துளிர் அத்தனை மென்மையாக வரும்.

கரிசலாங்கண்ணியோடு சேர்த்து வள்ளலார் தம் அன்பர்களுக்குச் சொன்ன கீரை இது. எங்கள் அப்பத்தா, இருமல் சத்தம் கேட்டாலே, "ஏத்தா, ரெண்டு இலை பறிச்சிட்டு வா" என்பார். இலை நரம்பிலும் முள் இருக்கும். அதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, இலையை நெய்யில் வதக்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு ரசம் வைத்தால் லேசான கசப்போடு தொண்டையில் இதமாக இறங்கும். துவையல் என்றால் உளுந்தும் காய்ந்த மிளகாயும் வறுத்து, துளி புளி சேர்த்து அம்மியில் அரைக்க வேண்டும். சின்னமனூர் வயல் அரிசிச் சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றி அதைப் பிசைந்து சாப்பிடும் அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பே வைப்பதில்லை.