சங்கிலியின் ஐயம்

"சந்தேகப் பிராணி!" கேள்வி கேட்கும் பெண்ணுக்கு நம் வீடுகளிலே சூட்டப்படும் பட்டம் இது. பணம் எங்கே போயிற்று என்றாலும் சந்தேகப் பிராணி. இரவு எங்கே தங்கினாய் என்றாலும் சந்தேகப் பிராணி. ஏமாற்றியவனுக்கு இத்தனை விரைவிலே பட்டம் கிடைப்பதில்லை. தோழர்களே, இந்த வழக்கிலே சாட்சி சொல்ல ஏட்டிலிருந்து ஒரு பெண்ணை அழைக்கிறேன். வடசென்னைத் திருவொற்றியூரிலே பூத்தொடுத்தவள், பெயர் சங்கிலி.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அவள் கதையைச் சொல்கிறது. மணமே வேண்டாமென்று கன்னிமாடத்திலே தங்கியவள் மீது மையல் கொள்கிறார் சுந்தரர். இறைவனையே தூதனுப்புகிறார். இறைவனும் கனவிலே தோன்றி அவருக்காகப் பரிந்து பேசுகிறார். பக்தை உடனே தலையசைத்தாளா? இல்லை! திருவாரூரிலே அவருக்குப் பரவை என்றொரு மனைவி இருப்பதை எடுத்துக் காட்டுகிறாள். தரகர் கடவுளே ஆனாலும் மாப்பிள்ளையை விசாரித்த பெண் இவள்! உன்னைப் பிரியேன் என்று அவர் சூளுறுவார் என்ற உறுதி கிடைத்த பிறகே இசைகிறாள்.

சுந்தரரோ, நான் சத்தியம் செய்யக் கருவறைக்கு வரும்போது நீர் அங்கிராமல் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடம் வேண்டுகிறார். இறைவன் ஒப்புகிறார், ஒப்பிய கையோடு சங்கிலியின் கனவிலே மீண்டும் தோன்றி, மகிழடியிலேயே சூள் கேள் என்று சொல்லிவிடுகிறார். இரு கட்சிக்கும் ஒரே வக்கீல்! மகிழடியிலே சத்தியம் நடந்தது; மணமும் நடந்தது. வசந்தம் வந்தது, ஆரூர் நினைவும் வந்தது. ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் சுந்தரர் கண்ணொளி இழந்தார். பிறகு காஞ்சியிலே ஒரு கண்ணும், ஆரூரிலே மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன. அடுத்தபடியாகக் கதை பரவையின் ஊடலைத் தணிக்கப் புறப்பட்டுவிடுகிறது. ஒற்றியூரிலே விடப்பட்டவளின் கண்ணீர் என்னவாயிற்று? மாசித் திருவிழாவிலே இன்றும் மகிழடி சேவை நடக்கிறது. சூளுக்கு விழா உண்டு. அது முறிந்ததற்கு இல்லை.

ஆனாலும் சேக்கிழாருக்கு உரிய நியாயத்தை மறுக்கக் கூடாது. சங்கிலியின் ஐயத்தை அவர் மறைக்கவில்லை. அவள் அஞ்சியதே நடந்தது என்று கதையே சான்று தருகிறது.

பழந்தமிழ் ஐயத்தை வைத்திருந்த இடமும் தாழ்ந்ததன்று. தொலைவிலே தோன்றுவது ஆணோ பெண்ணோ என்று தெரியாவிட்டால் பன்மையிலே சொல் என்று ஐயத்துக்கே இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். ஆறுவகை வினாக்களுள் ஐயவினாவுக்கும் இடம் தந்தது நன்னூல். நிற்பது கட்டையோ மனிதனோ எனத் தயங்குவதை ஐயம் என்றும், ஆராயாமலே மனிதன் என்று முடிவு கட்டுவதைத் தேராது தெளிதல் என்றும் பிரித்துக் காட்டியது மணிமேகலை. இரண்டையும் அது குறையென்றே எண்ணியது, உண்மைதான். ஆனால் ஐயுறுபவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். மற்றவன் பார்ப்பதை நிறுத்திவிட்டான்!

'நம்பு' என்ற சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். விரும்பியதை மெய்யென்று கொண்டதுதான் நம்பிக்கையாக வளர்ந்ததோ என்று எனக்கொரு நினைப்பு. பின்னாளிலே அதன் தலையிலே 'அவ' என்னும் வடமொழி ஒட்டைச் சூட்டி, 'அவநம்பிக்கை' என்று அவமானத்தின் பக்கத்திலே உட்கார வைத்தோம். ஐயம் கேள்வி கேட்கும். விடை கிடைத்தால் தெளியும். அவநம்பிக்கையோ கேளாமலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றென்று ஆக்கிவிட்டால் ஆதாயம் யாருக்கு? கேள்விக்கு விடை சொல்ல விரும்பாதவனுக்கு!

சங்கிலியின் ஊருக்கு வடக்கே எண்ணூர். 2017 சனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. கரையிலே ஒதுங்கியதோ கரிய எண்ணெய். எர்ணாவூரிலே அதை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரிலே வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்திலே மீண்டும் எண்ணெய் பரவிற்று. அதே மாதம் 26ஆம் நாள் இரவு அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இத்தனைக்கும் பிறகு, ஆபத்தில்லை என்ற அறிவிப்பைக் கேட்கும் மீனவப் பெண், "அளந்தது யார்? எங்கே அளந்தீர்கள்?" என்கிறாள் என்றால் அது அவநம்பிக்கையா? அறைக்குள்ளிருந்து சொல்லாதீர்கள், கழிமுகத்தங்கரைக்கு வந்து எங்கள் முன்னே அளந்து காட்டுங்கள் என்கிறாள். கருவறையிலே வேண்டாம், மகிழமரத்தடிக்கு வாரும் என்று சங்கிலியின் தோழியர் சுந்தரரிடம் சொன்னதும் அதுதான்.