நின்றுவிடக் கூடாத வேலை எது?

2024 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலை திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் தீபமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடின. உள்ளே சிக்கிய ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அதே இரவு தண்டராம்பட்டு வட்டத்தில் சாத்தனூர் அணை நிரம்பி, 2ஆம் தேதி விடிவதற்குள் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கார்த்திகை தீபக் கொடியேற்றம் 4ஆம் தேதி, மகா தீபம் 13ஆம் தேதி என்று முன்பே குறித்தாகிவிட்டது.

நிலச்சரிவு, வெள்ளம், லட்சக்கணக்கானோர் கூடும் திருவிழா ஆகிய மூன்றும் ஒரே மாவட்ட நிர்வாகத்தின் தலையில் ஒரே வாரத்தில் விழுந்தன. பேரிடர் வந்தால் மக்களை எப்படிக் காப்பாற்றுவது என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். அந்த நேரத்தில் அரசு தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்ளும் என்று கேட்பதில்லை. அதிகாரி வர முடியாவிட்டால் யார் கையெழுத்துப் போடுவது? அலுவலகத்துக்குள் தண்ணீர் புகுந்தால் எங்கே உட்காருவது? கோப்பு நனைந்தால் நகல் எங்கே? பல நாடுகளில் இதற்கென்றே பணித்தொடர்ச்சித் திட்டம் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது திட்டத்தைவிடப் பழக்கம்தான். அந்தப் பழக்கத்துக்குப் பெரும் பலம் உண்டு. ஆபத்தான ஓட்டைகளும் உண்டு.

முதலில் பலம். தீபத்துக்கு முன் இம்மாவட்டம் வேலை செய்வதைப் பார்த்தவர்கள் அரசு எந்திரம் மந்தமானது என்று சொல்ல மாட்டார்கள். தற்காலிகப் பேருந்து நிலையங்கள், கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டருக்கும் குடிநீர், கழிப்பறை, மருத்துவ முகாம், வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் போலீஸ் என்று எல்லாம் சில வாரங்களில் எழுந்து நிற்கும். ஆள் போதாத இடத்துக்கு வேறு மாவட்டத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்து இறக்குவது தமிழக நிர்வாகத்துக்குக் கைவந்த கலை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் போனார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். சேற்றில் நின்று கம்பம் நட்ட அந்த ஊழியர்களின் உழைப்பைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ரேஷன் கடை இன்னொரு பலம். ஃபெஞ்சலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் போய்ச் சேர்ந்தது அந்தக் கடைகள் வழியாகத்தான். தெருவுக்குத் தெரு வேர்விட்ட ஓர் அமைப்பு ஏற்கெனவே இருந்ததால் புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தீப ஏற்பாடு தேதி தெரிந்த கூட்டத்துக்கானது. மாதக்கணக்கில் ஆய்வுக் கூட்டம் போடலாம், போய்ப் பார்க்கலாம், திருத்தலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை சரியும் மலை அந்த அவகாசத்தைத் தராது. வெளியிலிருந்து ஆள் வரும் வழக்கமும் சாலை திறந்திருக்கும்வரைதான். இதே மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே தென்பெண்ணையில் ஏறக்குறைய 16 கோடி ரூபாயில் கட்டி 2024 செப்டம்பரில் திறந்த பாலம், மூன்று மாதத்தில் அந்த வெள்ளத்தோடு போனது. ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர் வட்டம் இருக்கிறது. மலைப்பாதை அடைபட்டால் அங்கே இருக்கும் ஊழியர்கள்தான் அன்றைக்கு அரசு. அவர்கள் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் எதையெல்லாம் செய்யலாம் என்று யாராவது முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

நம் நிர்வாகத்தின் பெரிய ஓட்டை கூடுதல் பொறுப்பு என்ற ஏற்பாடு. ஒரு வட்டாட்சியர் மாறிப்போனால் பக்கத்து வட்டத்துக்காரர் பொறுப்பு பார்ப்பார். கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் இரண்டு மூன்று கிராமங்களுக்குப் பொறுப்பு. காகிதத்தில் எந்த நாற்காலியும் காலியாவதில்லை. சாதாரண நாளில் இது ஓடும். மழை ஒரே இரவில் இரண்டு வட்டங்களிலும் பெய்யும்போது அந்த ஒரு மனிதர் எங்கே நிற்பார்? பொறுப்பு அலுவலரும் அகப்படாவிட்டால் அடுத்தவர் யார், அவருக்கு அடுத்தவர் யார் என்று பெயர் போட்ட பட்டியல் இருந்தால்தான் பதில் கிடைக்கும்.

இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவிப்பது ஒரு நாளில் நடந்துவிடும். வாரிசுச் சான்றிதழ் என்று வரும்போது விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கணினியில் ஒவ்வொருவர் கணக்காக ஏறிப்போக வேண்டும். வட்டாட்சியரின் டிஜிட்டல் கையொப்பம் விழாமல் சான்றிதழ் வெளியே வராது. அவர் நிவாரண முகாமில் ராப்பகலாக நிற்கிறார் என்றால் விண்ணப்பம் திரையில் நிலுவை என்று காட்டிக்கொண்டு கிடக்கும். தவறு அவருடையதல்ல. அவர் இல்லாதபோது யார் கையொப்பமிடலாம் என்று அந்த அமைப்புக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆட்சியரை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவராக்குகிறது. மாவட்டத்துக்குத் திட்டம் வேண்டும் என்கிறது. 32ஆம் பிரிவு மாவட்டத்திலுள்ள ஒவ்வோர் அரசு அலுவலகமும் உள்ளாட்சியும் தனக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் தடுப்பது, தயாராவது, எதிர்கொள்வது என்பவற்றோடு அது நின்றுவிடுகிறது. பேரிடரில் அந்த அலுவலகமே சிக்கினால் என்ன செய்வது என்ற கேள்வி அதில் இல்லை. நியூயார்க் மாநகரத்தின் அவசரக் கட்டுப்பாட்டு மையம் உலக வர்த்தக மையத்தின் 7ஆம் எண் கட்டடத்தில் 23ஆம் மாடியில் இருந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று கட்டடத்தோடு அதுவும் போயிற்று. மறுநாள் நடக்கவிருந்த ஓர் ஒத்திகைக்காகத் தயாராகியிருந்த கப்பல்துறைக் கட்டடம் ஒன்று இருந்ததால் சில நாட்களில் மையம் அங்கே எழுந்தது. திருவண்ணாமலையில் ஆட்சியர் அலுவலகம் இருப்பது ஏரியுள்ள வேங்கிக்காலில். ஆரணியிலும் செய்யாற்றிலும் கோட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. தேவைப்பட்டால் இன்ன இடத்தில் இத்தனை மணி நேரத்தில் மாவட்டத் தலைமை உட்காரும் என்று இப்போதே முடிவெடுக்கப் பெரிய செலவொன்றும் ஆகாது.

ஆவணங்களும் அப்படித்தான். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் கலசமஹாலைத் தீ விழுங்கியபோது துறைக் கோப்புகளும் சாம்பலாயின. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 2011 சுனாமியில் ஜப்பானின் ஒட்சுச்சி நகர மேயரும் ஊழியர்கள் பலரும் மாண்டார்கள், குடும்பப் பதிவேடுகளும் அழிந்தன. ஆனால் அவற்றின் நகல் நீதித்துறை அமைச்சகத்தின் வேறோர் அலுவலகத்தில் இருந்ததால் பதிவுகள் மீண்டன. ஆட்களுக்கு அப்படி நகல் கிடையாது. தலைவரை இழந்த அந்த ஊருக்கு அடுத்த மேயர் கிடைக்க மாதங்கள் ஆயின.

திருவண்ணாமலை வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. கோயிலைப் பார்த்தாலே போதும். 2020இல் கொரோனா, மாட வீதித் தேரோட்டம் இல்லை, சுவாமி புறப்பாடு கோயிலுக்குள்ளேயே, கிரிவலத்துக்குத் தடை. 2024இல் மண்சரிவுக்குப் பின் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தார்கள். பக்தர்கள் ஏறக் கூடாது என்று முடிவாயிற்று. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுபோகத் தேவையானவர்கள் மட்டும் ஏறினார்கள். இரண்டு ஆண்டுகளிலும் 2,668 அடி உயரத்தில் தீபம் எரிந்தது. எது நிற்கக் கூடாது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. ஏற்றும் பொறுப்பு பர்வதராஜகுலத்தாருடையது. ஒருவரால் முடியாவிட்டால் இன்னொருவர் என்பது தலைமுறை தலைமுறையாகத் தீர்மானமான விஷயம். மற்றவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம் என்ற தெளிவால்தான் அந்த ஒன்று தப்பியது.

பரம்பரை உரிமையை அரசு அலுவலகத்துக்குக் கொண்டுவர முடியாது, கூடாது. கர்ணம், மணியம் என்று பரம்பரையாக வந்த கிராமப் பதவிகளை 1980இல் ஒழித்தது சரியான காரியம். ஆனால் எது நிற்கக் கூடாது என்ற தெளிவை எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. நம் அலுவலகங்கள் பேரிடரில் விடுமுறை அறிவித்து எல்லாவற்றையும் நிறுத்துகின்றன. இல்லையென்றால் எல்லாவற்றையும் செய்ய முயன்று திணறுகின்றன. ரேஷன், குடிநீர், பிரசவ வார்டு, அணையின் மதகு, இறப்புச் சான்று ஆகியவை ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது. பட்டா மாறுதலும் ஆய்வுக் கூட்டமும் பத்து நாள் காத்திருக்கலாம் என்று எந்த வட்டாட்சியர் அலுவலகச் சுவரில் எழுதியிருக்கிறது?

சாத்தனூர் விஷயத்தில் ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. முன்னறிவிப்பில்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். எத்தனை முறை சொன்னார்கள் என்பதைவிட, நள்ளிரவில் புறப்பட்ட எச்சரிக்கை விழுப்புரத்திலும் கடலூரிலும் ஆற்றோரத்தில் கடைசி வீட்டுக்கதவை யார் கையால் தட்டியது, அந்தக் கை அன்று இல்லாவிட்டால் அடுத்த கை எது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தண்ணீர் திருவண்ணாமலையில் திறக்கப்படுகிறது, சாவது வேறு மாவட்டத்தில் இருக்கலாம். அதனால் அடுத்தவர் யார் என்ற பட்டியல் மாவட்ட எல்லையில் முடியக் கூடாது.

அடுத்த தீபத்துக்கான ஆய்வுக் கூட்டங்களில் ஒரு பொருளைக் கூட்டலாம். ஏதாவதொரு ஞாயிறு இரவு, முன்னறிவிப்பின்றி, ஆட்சியரும் கோட்டாட்சியரும் தொடர்பில் இல்லை என்று வைத்துக்கொண்டு, அடுத்த நிலையில் இருப்பவர்கள் மாவட்டத்தை விடியும்வரை நடத்தட்டும். எந்தத் தொலைபேசி எடுக்கப்படவில்லை, எந்த அறையின் சாவி யாரிடம் என்று தெரியவில்லை, எந்த உத்தரவு கையொப்பமில்லாமல் நின்றது என்று காலையில் குறித்து வெளியிடட்டும்.